ஏப்ரல் பனிப்புயல்: வாசகர் கேள்வி – பதில்

கனடாவின் மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்களிலும் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் உள்ள சிற்றூர்களில் வாழும் வாசகர்கள் பலர், ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும் வேளையில் வரும் பனிப்புயலைப் பற்றியவை அவை. இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: சென்ற ஆண்டுதான் தென்மேற்கு மனிடோபாவில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்தோம். மார்ச் இறுதியில் முற்றத்துப் பனி கரைந்துவிட்டது. வாத்துக் கூட்டங்கள் தெற்கிலிருந்து திரும்பிவிட்டன. ஆனாலும் ஊர்ப் பெரியவர்கள், "பெரிய புயல் இனிமேல்தான் வரும்" என்கிறார்கள். வெயில் ஏறும் காலத்தில் பனிப்புயல் எப்படி உருவாகும்? இதுவும் வங்கக்கடல் புயலைப் போன்றதுதானா?

பதில்: பெரியவர்கள் சொல்வதை நம்புங்கள். நடுக்குளிர்காலத்தில், வெப்பநிலை மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும் நாட்களில், காற்று மிகக் குறைந்த நீராவியையே சுமக்க முடியும். ஆகையால் ஜனவரியில் பெய்வது பெரும்பாலும் இலேசான தூள் பனி. அதன் ஆழம் பார்வைக்குப் பெரிதாகத் தோன்றினாலும் உருக்கினால் கிடைக்கும் நீர் கொஞ்சம்தான். ஏப்ரலில் நிலைமை வேறு. வடக்கே ஆர்க்டிக் பகுதியிலும் ஹட்சன் விரிகுடாவின் மேலும் கடுங்குளிர்க் காற்று இன்னும் குடியிருக்க, தெற்கே மெக்சிகோ வளைகுடாவின் மேல் காற்று நன்றாகச் சூடேறி, ஈரம் நிறைந்து நிற்கிறது. இந்த இரண்டும் சந்திக்கும் இடம்தான் நீங்கள் வாழும் புல்வெளிச் சமவெளி. மலைத்தொடர் மேற்கே மட்டும் இருப்பதால், வடக்குக்கும் தெற்குக்கும் நடுவே காற்றைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை.

மேற்கிலிருந்து வீசும் காற்று ராக்கி மலைகளைத் தாண்டிக் கிழக்குச் சரிவில் இறங்கும்போது சுழற்சி பெறுகிறது. அதனால் மலையடிவாரத்தில், பெரும்பாலும் கொலராடோ மாநிலத்தை ஒட்டி, ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிறது. உங்கள் ஊர் வானொலியில் "கொலராடோ லோ" என்று சொல்வது இதைத்தான். அது வளைகுடாவின் ஈரக்காற்றைத் தன் கிழக்குப் பக்கமாக மேலே இழுத்துக்கொண்டு, டகோட்டாக்களையும் மினசோட்டாவையும் மனிடோபாவையும் நோக்கி வடகிழக்காக நகர்கிறது. அதன் கிழக்கிலும் தெற்கிலும் மழையும் இடியும் இருக்கும். வடமேற்குப் பக்கத்திலோ அதே ஈரம் குளிர்க்காற்றின் மேல் ஏறிப் பனியாகக் கொட்டும். ஒரே புயலில் ஒரு மாவட்டத்தில் இடிமழையும், சில மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் முழங்கால் அளவு பனியும் இருப்பது இதனால்தான்.

ஆல்பர்ட்டாவில் கதை சற்று மாறும். அங்கே தாழ்வு மண்டலம் தெற்கே நிற்க, கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையடிவாரச் சரிவில் மோதி மேலேறுவதால் பனி பெய்கிறது. காற்று அந்தத் திசையிலேயே நிலைத்துவிட்டால் பனியும் விடாது. 1967 ஏப்ரல் 17 முதல் 29 வரை தெற்கு ஆல்பர்ட்டாவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்த புயல்கள் மொத்தம் 175 செ.மீ. பனியைக் கொட்டின, திறந்த மேய்ச்சல் நிலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன, பாதைகளைத் திறக்க ராணுவம் வந்தது, உணவும் எரிபொருளும் தீவனமும் விமானத்தில் கொண்டுவரப்பட்டன.

வங்கக்கடல் புயலுடன் ஓர் ஒற்றுமை உண்டு: வடகோளத்தில் இரண்டுமே கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில்தான் சுழலும். ஆனால் வங்கக்கடல் புயல் வெதுவெதுப்பான கடல்நீரின் வெப்பத்தால் வளர்ந்து, கரையேறியதும் வலுவிழக்கும். இந்தப் புயல் குளிர்க்காற்றுக்கும் வெப்பக்காற்றுக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து ஆற்றல் பெறுவதால், நிலத்தின் மேலேயே பிறந்து நிலத்தின் மேலேயே வலுப்பெறும். கரை கடந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று மூச்சுவிடும் கட்டம் இதில் கிடையாது. மேலடுக்குக் காற்று அதைத் தள்ளாமல் விட்டுவிட்டால் இரண்டு மூன்று நாட்கள் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: ஒரே நாளில் முன்னறிவிப்பு மூன்று முறை மாறுகிறது. காலையில் 20 செ.மீ. என்கிறார்கள், மாலையில் 50 என்கிறார்கள். 2022-இல் "பல பத்தாண்டுகளில் காணாத பனிப்புயல்" என்று பயமுறுத்தினார்கள். எங்கள் பகுதியில் அவ்வளவு பெய்யவில்லை. எதை நம்பித் தயாராவது?

பதில்: 2022 ஏப்ரல் 12 முதல் 14 வரை வந்த அந்தப் புயலில் உங்கள் ஊர் தப்பியிருக்கலாம், வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரில் ஏறத்தாழ 90 செ.மீ. பனி குவிந்தது, மேற்கு மனிடோபாவின் சில இடங்களில் அரை மீட்டருக்கு மேல் பெய்தது. தாழ்வு மண்டலத்தின் பாதை 100 கி.மீ. இப்படியோ அப்படியோ விலகினால், ஓர் ஊருக்கு வர வேண்டிய பனி மழையாகிவிடும் அல்லது அடுத்த ஊருக்குப் போய்விடும். வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்பதால், ஒரு டிகிரி வேறுபாடே மழையையும் பனியையும் பிரித்துவிடுகிறது. ஜனவரிப் பனியில் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே வசந்தகாலப் புயலில் செ.மீ. கணக்கு தடுமாறுவதை வானிலை அறிஞர்களின் குறையாக நான் எண்ணவில்லை.

என் கருத்தில், செ.மீ. என்ற அந்த ஓர் எண்ணையே பிடித்துக்கொண்டிருப்பதுதான் தவறு. முன்னறிவிப்பில் வேறு மூன்று விவரங்களைத் தேடுங்கள். முதலாவது, புயல் தொடங்கும் நேரம். பாதையைக் காட்டிலும் இதுவே பெரும்பாலும் சரியாக அமைகிறது, உங்கள் ஏற்பாடுகள் எல்லாம் இந்த நேரத்தையே சார்ந்திருக்கின்றன. இரண்டாவது, காற்றின் வேகம். கனடாவின் சுற்றுச்சூழல் துறை நெடுங்காலமாகப் பின்பற்றிய வரையறையின்படி, மணிக்கு 40 கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட காற்றும் 400 மீட்டருக்கு மிகாத பார்வைத் தொலைவும் குறைந்தது நான்கு மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். பனியின் ஆழத்துக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. 15 செ.மீ. பனி பலத்த காற்றுடன் வந்தால், காற்றில்லாமல் விழும் 40 செ.மீ. பனியை விட அதிக ஆபத்தைத் தரும். மூன்றாவது, தொடக்கத்தில் மழை உண்டா என்பது. மழையில் தொடங்கிப் பனியில் முடியும் புயல்தான் மாட்டுக்கும் மின்கம்பிக்கும் சாலைக்கும் மிகக் கெட்டது.

முன்னறிவித்த அளவுக்குப் பெய்யாமல் போனால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு நாள் வேலை. அதை ஏமாற்றமாகக் கருத வேண்டியதில்லை.

கேள்வி: எனக்கு நிறைமாதம். பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எங்கள் பண்ணை வீட்டிலிருந்து 90 கி.மீ. தொலைவில் இருக்கிறது. மருத்துவர் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. எச்சரிக்கை வந்தால் வீட்டிலேயே இருக்கலாமா, வலி எடுத்ததும் புறப்படலாமா?

பதில்: புயல் தொடங்குவதற்கு முன்பே புறப்பட்டுவிடுங்கள், சகோதரி. மருத்துவமனை இருக்கும் நகரில் உறவினர் வீடோ நண்பர் வீடோ விடுதியோ எதுவானாலும் சரி. இரண்டு நாள் வாடகையை எண்ணித் தயங்காதீர்கள். நெடுஞ்சாலை மூடப்பட்ட பிறகு ஆம்புலன்ஸ் பனி அள்ளும் வண்டியின் பின்னால்தான் வர முடியும்; கண்ணுக்கு எதுவும் தெரியாத வெண்மூட்டத்தில் அந்த வண்டியே நிறுத்தப்படும். ஹெலிகாப்டரும் பறக்காது. புறப்படும் முன் மருத்துவரிடம் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சில சிற்றூர் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறையால் அவசரப் பிரிவு தற்காலிகமாக மூடியிருக்கக்கூடும் என்பதால், எந்த மருத்துவமனை திறந்திருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் வீட்டில் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: ஊருக்கு வெளியே, கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் வீடு எங்களுடையது. மின்சாரம் போனால் என்னென்ன நின்றுபோகும், முன்கூட்டியே என்ன செய்துவைக்க வேண்டும்?

பதில்: நகரத்தில் மின்சாரம் போனால் விளக்குதான் அணையும், உங்கள் வீட்டில் தண்ணீரும் நிற்கும். கிணற்று மோட்டார் ஓடாது, அதனால் குழாயிலும் கழிப்பறையிலும் நீர் வராது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவாயுவில் இயங்குவதாக இருந்தாலும் சூடான காற்றை அறைகளுக்குத் தள்ளும் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால், வீடு மெல்லக் குளிரத் தொடங்கும். அடித்தளத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் சம்ப் பம்பும் நின்றுவிடும். வசந்தத்தில் நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும் என்பதால், ஜனவரி மின்தடையில் இல்லாத கவலை இது.

வசந்தப் புயலில் மின்தடை நேரும் வாய்ப்பும் அதிகம். பூஜ்யத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனி கம்பியில் ஒட்டிக்கொண்டு பருக்கும். பட்ட இடத்திலேயே உறைந்துவிடும் உறைமழையும் சேர்ந்தால் பனிக்கட்டி உறையாகச் சூழ்ந்துகொள்ளும். பிறகு காற்று அந்தக் கம்பியை ஆட்டும்போது கம்பங்கள் வரிசையாக முறியும். 2022 ஏப்ரலில் முதல் புயல் போன பத்து நாட்களில் இரண்டாவது புயல் வந்து, வடக்கு டகோட்டாவின் வடமேற்கிலும் சஸ்காட்செவனின் தென்கிழக்கிலும் இப்படித்தான் கம்பங்களைச் சாய்த்தது. சில கிராமப்புறங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆயின.

72 மணி நேரம் பிறர் உதவியின்றித் தாக்குப்பிடிக்கும் அளவுக்குப் பொருட்களை வைத்திருக்க வேண்டும் என்பது கனடா அரசின் பொதுவான அறிவுரை. பண்ணை வீட்டுக்கு அதை ஐந்து நாளாகக் கொள்வது நல்லது. குடிப்பதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், சமையலுக்கும் கழுவுவதற்கும் இன்னும் இரண்டு லிட்டர் நீர் எடுத்துவையுங்கள். குளியல் தொட்டியையும் நிரப்பிவிட்டால் கழிப்பறைக்கு ஆகும். கைபேசிகளை முழுமையாகச் சார்ஜ் செய்யுங்கள், வண்டிகளுக்கு எரிபொருள் நிரப்புங்கள், மாத்திரைகள் எத்தனை நாளுக்கு இருக்கின்றன என்று பாருங்கள். முழுதாக நிறைந்த ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் வரை குளிர்ச்சியைத் தாங்கும்.

ஜெனரேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ இயக்காதீர்கள். கதவைத் திறந்துவைத்தாலும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை, தூங்குபவர் விழிக்கமாட்டார். கரி அடுப்பையும் முகாம் அடுப்பையும் வீட்டுக்குள் பற்றவைப்பதும் அப்படியே. ஃபர்னஸின் புகை வெளியேறும் குழாய் வீட்டுச் சுவரின் கீழ்ப்பகுதியில் இருந்தால், காற்று குவிக்கும் பனி அதை மூடிவிடாமல் அவ்வப்போது பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்குப் புது பேட்டரி போடும் வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள்.

கேள்வி: சஸ்காட்செவனில் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறேன். இது கன்று ஈனும் காலம். சில பசுக்கள் திறந்த மேய்ச்சல் நிலத்தில் இருக்கின்றன. மைனஸ் 35 டிகிரியில் வெளியே நின்ற மாடுகளுக்கு மைனஸ் 3 டிகிரியில் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன்; பண்ணைக்காரரோ எச்சரிக்கை வந்ததிலிருந்து தூங்கவில்லை. ஏன்?

பதில்: அவருக்குத் தெரிந்ததை எண்ணில் சொல்கிறேன். உலர்ந்த, அடர்ந்த குளிர்கால ரோமம் உள்ள பசு, ஏறத்தாழ மைனஸ் 8 டிகிரி வரை கூடுதல் ஆற்றலைச் செலவிடாமல் தன் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் தீவனத்தைக் கூட்டிக்கொடுத்துச் சமாளிக்கலாம். ரோமம் தோல் வரை நனைந்துவிட்டால் அந்த எல்லை பிளஸ் 15 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. வறண்ட மைனஸ் 35-ஐத் தாங்கிய மாடு, மழையில் நனைந்து பூஜ்யத்துப் பனிக்காற்றில் நிற்கும்போது தடுமாறுவது இதனால்தான். ஏப்ரலில் குளிர்கால ரோமம் உதிரவும் தொடங்கியிருக்கும். 2013 அக்டோபர் தொடக்கத்தில் தெற்கு டகோட்டாவின் மேற்கில், குளிர்கால ரோமம் இன்னும் முளைக்காத மாடுகள் முதலில் மழையில் நனைந்து பிறகு பனிப்புயலில் சிக்கியபோது, பல்லாயிரம் மாடுகள் இறந்தன. பருவத்தின் எதிர்முனையில் நடந்தாலும் காரணம் ஒன்றே.

இன்னொன்று, மாடுகள் புயலை எதிர்த்து நிற்காமல் காற்றுக்கு முதுகைக் காட்டி, அது தள்ளும் திசையிலேயே நடந்துகொண்டிருக்கும். வேலி தடுத்தால் அதன் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும். குவிந்த பனி வேலியை மூடிவிட்டால் அதன் மேலேயே ஏறிக் கடந்து, பள்ளத்திலோ ஓடையிலோ போய் விழும். ஆகவே புயல் தொடங்கும் முன், பகல் வெளிச்சத்தில், திறந்தவெளியில் உள்ள பசுக்களை வீட்டுக்கு அருகே ஓட்டிவாருங்கள். ஈற்று நெருங்கியவற்றைக் கொட்டகைக்கும், மற்றவற்றைக் காற்றுத்தடுப்பு வேலிக்குப் பின்னாலும் சேர்க்க வேண்டும்.

காற்றுத்தடுப்பு வேலியில் இடைவெளி இல்லாமல் பலகை அடித்தால் நல்லது என்று புதியவர்கள் நினைப்பார்கள். முழுதாக அடைத்த சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று, பனியை மாடுகளின் மேலேயே கொட்டிவிடும். பரப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடைவெளி விட்ட வேலியே நன்றாகப் பயன்படும். அது தன் உயரத்தைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு தொலைவு வரை பாதுகாப்புத் தரும். காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் வழக்கமாக வடமேற்குக் காற்றை நினைத்துத்தான் தடுப்புகளை அமைத்திருப்பார்கள். கொலராடோ தாழ்வு மண்டலம் நெருங்கும்போது முதலில் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசி, அது கடந்த பிறகுதான் வடமேற்குக்குத் திரும்பும். முதல் பன்னிரண்டு மணி நேரம் மாடுகள் வேலியின் தவறான பக்கத்தில் நிற்க நேரிடும். கையடக்கமான தடுப்புப் பலகைகளோ வைக்கோல் உருளைகளோ இருந்தால் கிழக்குப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள்.

கன்றுகள் பிறக்கும்போதே நனைந்துதான் பிறக்கின்றன. தாய் நக்கி உலர்த்துவதற்குள் காற்று வெப்பத்தைப் பறித்துவிட்டால், கன்று எழுந்து நிற்காது. எழாவிட்டால் பால் குடிக்காது. குடிக்காவிட்டால் உடலில் வெப்பம் ஊறாது. வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள்: உள்ளே சில்லென்று இருந்தால் காத்திருக்க நேரமில்லை. இயல்பாக 38 அல்லது 39 டிகிரி இருக்க வேண்டிய கன்றின் உடல் வெப்பம் 35-க்குக் கீழே போனால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. 38 முதல் 40 டிகிரி வரை சூடான நீரில், தலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு அமிழ்த்துவது விரைவாகப் பயன் தரும். பிறகு முழுமையாக உலர்த்திவிட்டுத்தான் தாயிடம் விட வேண்டும். லாரியின் முன்னிருக்கையிலும், ஏன், வீட்டுச் சமையலறைத் தரையிலும் கன்று படுத்திருப்பதை இந்தப் புயல் நாட்களில் நீங்கள் பார்ப்பீர்கள். பண்ணை வீட்டுப் பெண்கள் அதற்கெல்லாம் முகம் சுளிப்பதில்லை.

சீம்பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும், ஒன்றை நினைவூட்டுகிறேன். அதிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் உறிஞ்சும் திறன் பிறந்தது முதலே குறையத் தொடங்கி, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் குறைந்தது இரண்டு லிட்டர் உள்ளே போக வேண்டும். தானாகக் குடிக்காத கன்றுக்குக் குழாய் வழியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். சீம்பால் பொடியை இப்போதே வாங்கிவையுங்கள், புயல் தொடங்கிவிட்டால் கடைக்குப் போக இரண்டு நாளைக்கு வழி இருக்காது.

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் இரவு நேரச் செவிலியராக இருக்கிறேன், வீடு 40 கி.மீ. தொலைவில். புயல் தொடங்கும் இரவில் எனக்கு வேலை. குளிர்கால டயரைச் சென்ற வாரம்தான் கழற்றினோம். வழியில் மாட்டிக்கொண்டால்?

பதில்: புயல் தொடங்கும் நேரம் முன்கூட்டியே தெரிகிறது அல்லவா? அதற்கு முன், பகலிலேயே இல்லத்துக்குப் போய்விடுங்கள். இரண்டு நாளைக்கான உடையும் மருந்தும் உணவும் எடுத்துச் செல்லுங்கள், ஏனெனில் உங்களை மாற்ற வேண்டியவரும் வர முடியாமல் போகலாம். இதை நிர்வாகத்திடம் முன்னரே பேசி, தூங்குவதற்கு ஓர் அறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. புயல் அனுபவம் உள்ள இல்லங்கள் தாமே ஏற்பாடு செய்கின்றன. டயரை மறுபடி மாட்ட நேரமிருந்தால் மாட்டுங்கள். ஆனால் எதிரே எதுவும் தெரியாதபோது எந்த டயரும் உதவாது.

நெடுஞ்சாலையை மூடிவிட்டால், கைபேசி வரைபடம் காட்டும் சரளைச் சாலை வழியாகச் சுற்றிப் போகும் யோசனையே வேண்டாம். மைல் ஒன்றுக்கோ இரண்டுக்கோ ஒன்றாகக் கட்டம் கட்டமாகப் போடப்பட்ட அந்தச் சாலைகளைப் பெருஞ்சாலைகளுக்குப் பிறகுதான் திறப்பார்கள். பல கிலோமீட்டருக்கு வீடும் கிடையாது, கைபேசி அலையும் கிடைக்காமல் போகலாம்.

சிக்கிக்கொண்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்காதீர்கள். விளக்கு தெரிகிறது, பக்கத்தில்தான் வீடு என்று இறங்கியவர்கள் திசை தவறிச் சில நூறு மீட்டரிலேயே உயிரிழந்திருக்கிறார்கள். வண்டியைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது, ஆளைக் கண்டுபிடிப்பது கடினம். மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை அகற்றி, காற்று வராத பக்கத்துக் கண்ணாடியைச் சற்றுத் திறந்துவையுங்கள். வண்டியில் போர்வை, சிறு மண்வாரி, டார்ச், தண்ணீர், கொறிக்க ஏதாவது, கைபேசிக்கு மின்சாரம் தரும் பேட்டரி ஆகியவை இருக்கட்டும். அவசர உதவிக்கு 911-ஐ அழைக்கும்போது "வயலுக்கு நடுவே இருக்கிறேன்" என்றால் யாராலும் வர முடியாது. நெடுஞ்சாலை எண்ணையும் கடைசியாகக் கடந்த குறுக்குச் சாலையின் எண்ணையும் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: புயல் ஓய்ந்ததும் முற்றத்துப் பனியை உடனே அள்ளிவிட வேண்டுமா? என் மாமனாருக்கு 68 வயது. அவரே அள்ளுவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

பதில்: அவரை உட்காரச் சொல்லுங்கள். ஒரு சதுர மீட்டரில் அரை மீட்டர் ஈரப்பனி, நீராகக் கணக்கிட்டால் 60 கிலோ வரை இருக்கும். இதயத்துக்கு அது கடும் சுமை. ஏப்ரல் வெயில் உங்கள் மாமனாரை விட வேகமாக வேலை செய்யும். கதவு, புகைக்குழாய், எரிவாயு மீட்டர் ஆகியவற்றைச் சுற்றி மட்டும் இளையவர்கள் அகற்றினால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர் விவசாயிகள் இந்தப் புயலை ஒரு பக்கம் திட்டுகிறார்கள், மறு பக்கம் வரவேற்கிறார்கள். சிலர் வெள்ளம் வரும் என்கிறார்கள். எது உண்மை?

பதில்: மூன்றுமே உண்மைதான். எது எங்கே உண்மை என்பதை மண் தீர்மானிக்கிறது.

தெற்கு சஸ்காட்செவனில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 350 முதல் 400 மி.மீ. நீர்தான். அரை மீட்டர் ஈரப்பனி 50 அல்லது 60 மி.மீ. நீரைத் தந்தால், ஆண்டு வரவில் ஏழில் ஒரு பங்கு ஒரே புயலில் வந்துவிடுகிறது; அதுவும் விதைப்புக்குச் சற்று முன்னால். 2021-இல் கடும் வறட்சியில் வயலும் மேய்ச்சல் குட்டையும் காய்ந்துபோனதைப் பார்த்தவர்கள் 2022 ஏப்ரல் பனியைப் பார்த்து மகிழ்ந்ததில் வியப்பில்லை. நிலத்தின் உறைவு விலகியிருந்தால் இந்த நீரில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கும். உறைந்த நிலத்தின் மேல் விழுந்தாலோ ஏற்கெனவே ஈரம் நிறைந்த மண்ணின் மேல் விழுந்தாலோ, அது வழிந்து ஓடையைத் தேடும்.

ரெட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் நிலைமை தனி. அந்த ஆறு வடக்கு டகோட்டாவின் கிழக்கு எல்லையை ஒட்டி, மனிடோபாவின் தலைநகரான வின்னிபெக் வழியாக வடக்கு நோக்கி ஓடுகிறது. தெற்கே பனி உருகி நீர் பெருகும்போது, வடக்கே ஆற்றின் மேல் பனிக்கட்டி இன்னும் அடைத்துக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்கு தட்டையானது, கரையைத் தாண்டிய நீர் மைல் கணக்கில் பரவும். 1997-இல் பனி மிகுந்த குளிர்காலம் முடிந்து வெள்ள ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தபோதே, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பெரும் பனிப்புயல் வந்து வின்னிபெக்கில் மட்டும் அரை மீட்டர் அளவுக்குப் பனியைச் சேர்த்தது. அதே மாதம் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் ஆறு 54 அடிக்கு மேல் உயர்ந்து, நகர மக்களில் பெரும்பாலோர் வெளியேற வேண்டியதாயிற்று. வின்னிபெக் நகரின் பெரும்பகுதி தப்பியதற்கு, 1950 வெள்ளத்துக்குப் பிறகு திட்டமிட்டு 1968-இல் முடித்த வெள்ள வடிகால் கால்வாயே முக்கியக் காரணம். நகருக்குத் தெற்கே இருந்த கிராமங்களுக்கும் பண்ணைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. 2022-இலும் ஏப்ரல் புயல்களைத் தொடர்ந்து மே மாதத்தில் அப்பள்ளத்தாக்கு வெள்ளம் கண்டது, விதைப்பு வாரக்கணக்கில் தள்ளிப்போனது.

உங்கள் கடிதத்தில் ஊர் எந்த ஆற்றுப் படுகையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. ரெட் ஆற்றை ஒட்டியிருந்தால் மாகாண அரசின் வெள்ள முன்னறிவிப்பைப் புயலுக்குப் பிறகும் விடாமல் பாருங்கள். மேட்டு நிலமாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் பனி உருகத் தொடங்கும் முன், வீட்டுக்கு வரும் சாலையின் அடியிலுள்ள வடிகால் குழாயின் இரு வாய்களையும் பனியோ பனிக்கட்டியோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நீங்களே இறங்கித் தோண்டாமல் ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்; நீராவி பாய்ச்சி உருக்கும் கருவி அவர்களிடம் இருக்கும், இல்லாவிட்டால் வரவழைப்பார்கள்.